பதினோரு வினாடிக் கோட்டு

பழைய படமொன்றின் மூன்றாம் வட்டுப் பதிப்பு கடைக்கு வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, சாம்பல் சட்டைக்காரரின் அலமாரியில் தொங்கிய அவர் மனைவியின் கோட்டு கடுகு மஞ்சளிலிருந்து மயில்நீலத்துக்கு மாறியது. அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இரண்டாம் பதிப்பு வந்தபோதும் இப்படித்தான், பாசிப்பச்சையாக இருந்தது ஒரே காலையில் மஞ்சளாகியிருந்தது.

அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். பழைய கலைப்படங்கள் புதுப்பிக்கப்பட்டு டிவிடி வட்டாக வரும்போதெல்லாம், எந்தப் பதிப்பில் நிறம் சரி, எதில் முகம் மெழுகாகிவிட்டது என்று ஒரு மாதப் பத்திரிகைக்கு இருபத்தாறு வருடமாக எழுதிவந்தார். பார்க்கும் அறையின் சுவருக்குச் சாம்பல் பூச்சு, ஜன்னலுக்கு இரட்டைத் திரை, டிவியைப் போட்டு அரைமணி நேரம் சூடான பிறகுதான் படம். சட்டையின் நிறம் திரையில் பிரதிபலித்துக் கண்ணைக் கெடுக்கும் என்று சாம்பலைத் தவிர வேறு சட்டை போடமாட்டார். வெளிப்பொருள் எதையும் அறைக்குள் கொண்டுவந்து ஒப்பிடக்கூடாது, திரையைத் திரையோடுதான் ஒப்பிடவேண்டும் என்பது அவர் வகுத்த முதல் விதி. அவர் மதிப்பெண் போட்டால் வட்டுக்கடைக்காரர்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

மேற்படி படம் ஒரு ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. மனைவி அப்போது பத்தொன்பது வயதில் அந்த ஊரில் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தார். நடைமேடையில் குறுக்கே நடக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டு, ஒரு கோட்டை மாட்டிவிட்டார்கள். பதினோரு வினாடி நடந்தார். படக்குழு அடுத்த ரயிலில் கிளம்பிவிட்டது, கோட்டைக் கேட்க யாருக்கும் ஞாபகமில்லை. மனைவி உயிரோடு இருந்தவரை அது அலமாரியில் அதன்பாட்டுக்கு இருந்தது. அவர் இறந்த பிறகுதான் சாம்பல் சட்டைக்காரர் முதல்முறையாக அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பாசிப்பச்சை. முதல் பதிப்பிலும் அதே பச்சைதான். வட்டைப் பார்த்து மாறிய பச்சையா, தைத்தபோதே இருந்த பச்சையா என்று சொல்ல ஆள் இல்லை. கருப்பு வெள்ளைக் கல்யாணப் புகைப்படம் உதவவில்லை.

மயில்நீலம் ஒன்பது வருடம் நீடித்தது. பிறகு நான்காம் பதிப்புக்கு நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட் ஃபோன் செய்தார், மகள் வயதுப் பெண்.

"சார், நெகட்டிவ் உதிர்ந்துட்டு இருக்கு. இதுதான் கடைசி ஸ்கேன். அந்தப் பிளாட்பாரம் ஷாட்டுக்கு எங்ககிட்ட இருக்கற ஒரே ஆதாரம் உங்க பழைய கட்டுரைதான். கோட்டு பாசிப்பச்சைதான் சரின்னு எழுதியிருக்கீங்க. அதையே போட்டுரட்டுமா? நீங்க சரின்னா சரி, இனிமே யாரும் மாத்தப்போறதில்ல."

அவர் எட்டு நாள் அவகாசம் கேட்டார். கட்டுரையைத் தேடி எடுத்தார். முதல் பதிப்பு வந்த வருடம் எழுதியது. எழுதும்போது மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார் என்பதும் நினைவுக்கு வந்தது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் வேறொரு ஊரில் பல் மருத்துவர், நோயாளிகளுக்கு நடுவில் பேசினாள்.

"எழுதறதுக்கு முன்னாடி அலமாரியத் தொறந்து பாக்கலையாப்பா?"

"இல்லம்மா. விதி இருந்துச்சு."

"பத்தடி தூரம்தானேப்பா. அம்மாகிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

அவர் கட்டுரையை மடித்து வைத்தார். அவள் மேற்கொண்டு துருவாமல், தனக்கு நிறம் ஞாபகமில்லை, பாக்கெட்டுதான் ஞாபகம், சின்ன வயதில் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

எட்டு நாளும் அவர் பதினோரு வினாடியை ஓடவிட்டுப் பார்த்தார். பச்சையில் பார்த்தால் பச்சைதான் என்று தோன்றியது, நீலத்தில் பார்த்தால் நீலம். மனைவியை எந்த நிறத்தில் கொடுத்தாலும் தலையாட்டும் ஆளாகத் தான் ஆகிவிட்டதை ஏழாம் நாள் ஒத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் கலரிஸ்டுக்கு நான்கு வரியில் கடிதம் போனது. கோட்டின் நிறம் எனக்குத் தெரியாது. என் கட்டுரை ஆதாரமாகாது. அந்தப் பதினோரு வினாடியை மட்டும் நெகட்டிவில் உள்ளபடியே விட்டுவிடவும். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

அப்படியே விட்டார்கள். சாயம் போன நெகட்டிவ் ஆனதால் அந்தத் துண்டு மட்டும் வெளிறிய செங்கல் நிறத்தில் வந்தது. சாம்பல் சட்டைக்காரருக்குக் கண் போய்விட்டது, கூடவே புத்தியும் போய்விட்டது என்று இளைய விமர்சகர்கள் எழுதினார்கள். பத்திரிகை அவர் பக்கத்தை நிறுத்தியது. வட்டுக்கடைக்காரர்கள் ஃபோன் செய்வதும் நின்றது. அலமாரியில் கோட்டும் செங்கல் நிறமானது, ஆனால் அதோடு நிற்கவில்லை. கிடங்கில் நெகட்டிவ் வெளுக்க வெளுக்க இதுவும் வெளுத்தது. அவர் அதை எடுத்து வாசலை ஒட்டிய கொக்கியில் மாட்டினார். மாசியில் ரோஜா நிறம், ஆடியில் பால்நிறம், ஐப்பசியில் கோட்டுத் துணியின் ஊடே சுவர் விரிசல் தெரிந்தது. கனம் மட்டும் குறையவில்லை.

மறுவருடம் மகள் நான்கு நாள் விடுப்பில் வந்தாள். மழையில் நனைந்த மேல்சட்டையைக் கழற்றி, காலியாகத் தெரிந்த கொக்கிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"கொஞ்சம் தள்ளி மாட்டும்மா," என்றார் அவர். "அங்க அம்மாவோடது இருக்கு."

அவள் பக்கத்துக் கொக்கியில், ஈரம் படாத தூரத்தில் மாட்டிவிட்டு, துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.