பொன்னாடையும் அலாரமும்

சத்தத்தைத் துணி எவ்வளவு அடக்கும் என்று டிஜிட்டல் சென்சாரில் காட்டிவிட்டால், இந்துப்ரியா மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போகலாம். ஆனால் அவள் சோதனைக்காகக் கொண்டுவந்த கம்பளிச் சால்வையை, பொன்னாடை வாங்க மறந்த தலைமையாசிரியர் நடுவருக்குப் போர்த்திவிட்டார்.

மேசையில் அலாரம் அலறியது. சென்சாரில் எண்பத்தெட்டு டெசிபல்.

“சார், உங்க பொன்னாடையைக் கொஞ்சம் தாங்க” என்றாள் நடுவரிடம்.

“போர்த்துன பொன்னாடையை யாராச்சும் திருப்பிக் கேப்பாகளா?” தலைமையாசிரியர் பதறினார்.

வியர்த்து வழிந்த நடுவர் சந்தோஷமாகவே கழற்றிக் கொடுத்தார். அவள் அதை அலாரத்தில் இறுக்கிச் சுற்றினாள். எண் ஐம்பத்தொன்றுக்கு இறங்கியது.

“இம்புட்டு இறங்குதா? நீ கண்காட்சிக்கு வா தாயி” என்றார் நடுவர்.

மகிழ்ந்துபோன தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து நன்றியுரையைத் தொடங்கினார். சென்சார் தொண்ணூற்றைத் தாண்டியது.

நடுவர் இந்துப்ரியாவின் பக்கம் குனிந்தார். “இன்னொரு சால்வை இருக்கா?”