கூட்டம் கேட்ட பெயர்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டவன் வேறொருவன். குத்துச்சண்டை மேடையில் வீரர்களை மைக்கில் அறிவிப்பது என் வேலை. அவனுக்கு ‘எமன்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். பெயர் வைத்த பிறகு மூன்றாவது ஆட்டத்தில் அவனிடம் அடிவாங்கிய பையன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அதற்கப்புறம் பெயர் பசை போட்டு ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் ஆட்டம் தொடங்கும் முன், கையில் துணிப்பட்டை சுற்றியபடி என் அறைக்கு வந்தான்.

“அண்ணே, இன்னைக்கு அந்தப் பேரு வேணாம்ணே. செத்தவனோட அம்மா முன்வரிசையில உக்காந்திருக்காங்க. நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். நான் மிருகமில்லன்னு அவங்க கண்ணால பாக்கணும்.”

“சரிப்பா, சொல்லல” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆனால் எங்கள் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. “இதோ வருகிறான்...” என்று நான் இழுப்பேன். “யாரு?” என்று கூட்டம் கத்தும். நான் முடித்துவைப்பேன். அன்றும் கூட்டம் கத்தியது. பாழாய்ப்போன வாய் முடித்துவைத்தது.

மேடையேறியவன் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தான். அந்தம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மணி அடித்ததும் எதிராளி அவன் புருவத்தைக் கிழித்தான். ரத்தம் கண்ணை மறைத்தது. இவன் திருப்பி ஒன்று விட்டான். உடனே அரங்கமே “எமன்! எமன்!” என்று அலற, இவன் கை தானாக இறங்கியது. விலாவில் இரண்டு, தாடையில் ஒன்று வாங்கினான். உடைந்த பல் ரத்தத்தோடு என் காலடியில் வந்து விழுந்தது.

இடைவேளையில் பொறுக்காமல் மைக்கைப் பிடித்தேன். “யாரும் அவனை எமன்னு கூப்பிடாதீங்க!”

இருபது வருஷமாகக் கூட்டத்தைச் சூடேற்றிப் பழகிய குரல். கெஞ்சினாலும் சவால் விடுவது போலத்தான் இருக்கும். கூட்டம் இரண்டு மடங்கு கத்தியது. அந்த நிமிஷம் என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம்.

அடுத்த சுற்றில் எதிராளி கயிற்றில் சாய்ந்து தள்ளாடினான். ஒரே குத்து போதும். இவன் கையை ஓங்கினான். “எமன்! எமன்!” ஓங்கிய கை அப்படியே நின்றது. எதிராளி கீழிருந்து விட்ட குத்தில் இவன் மல்லாந்தான். பின்மண்டை பலகையில் மோதிய சத்தம் என் மைக்கில் கேட்டது.

டாக்டர் ஓடிவந்து இமையைப் பிரித்துப் பார்த்தார். “நினைவு இருக்கான்னு பாக்கணும். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”

அவனுக்குப் பயிற்சி தந்த சொந்தத் தாய்மாமனே, “டேய் எமா, எந்திரிடா!” என்று கன்னத்தில் தட்டினார். அசைவில்லை. நான் வாயைத் திறந்தேன். பதினொரு ஆட்டம் அறிவித்தவனுக்கு அவன் சொந்தப் பெயர் தெரியவில்லை.

கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தம்மா மேலே வந்தார். பிள்ளையைக் கொன்றவன் பெயரை எந்தத் தாய் மறப்பாள்? அவன் காதருகே குனிந்து அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார்.

அவன் உதடு அசைந்தது.

“நான் அடிக்கலம்மா” என்றான். “ஓங்குனேன், ஆனா இவன நான் அடிக்கல.”