சந்தனம் பூசாத மொட்டை

ஆடிப் பரணியன்று காலை பதினோரு மணிக்கு, சரவணப் பொய்கைப் படிக்கட்டில் பட்டணத்து ரைஸ்மில் முதலாளி ஒருவரின் தங்கக் கடிகாரம் சங்கிலியோடு காணாமல் போயிற்று. திருடனைத் தம் கண்ணாலேயே பார்த்ததாக முதலாளி சொன்னார். பார்த்தது பின்மண்டையை. அடையாளம் கேட்டதற்கு, "மொட்டை" என்றார்.

மறுநாள் கிருத்திகை. காவடியோடு வந்திருந்த பாதி ஜில்லா முதல் நாளே திருத்தணியில் மொட்டை. வேறு யாராக இருந்தாலும் இந்த அடையாளத்தைக் கேட்டுச் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். சப் இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் சோர்கிற ஜாதி இல்லை. தினமும் மீசைக்கு நெய் தடவுகிறவர். அந்த நெய்யில் கொஞ்சம் மூளைக்கும் இறங்குவதாக நம்புகிறவர்.

"முருகனுக்கு முடி குடுத்தவன் தலையில சந்தனம் இருக்கும். வேஷத்துக்கு அடிச்சிகினவன் தலையில இருக்காது. சந்தனம் இல்லாத மொட்டையைப் புடிங்கய்யா!"

அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கடைத்தெருவில் அப்படிப்பட்ட மொட்டை ஒன்றே ஒன்று அகப்பட்டது. அது எலியாஸுடையது. டைபாய்டில் ஒரு மாதம் கிடந்து எழுந்தவனுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிரவே, மிச்சத்தையும் வழித்துவிடச் சொன்னவள் அவன் பெண்டாட்டி மார்கரெட்.

"நான் வேதக்காரனுங்க. சந்தனம் பூசறதில்லைங்க" என்றான் எலியாஸ்.

"கேட்டியா ஏட்டு? சாமிக்கு மொட்டை அடிக்கலைன்னு அவனே ஒத்துக்கினான்!"

ஏட்டு ஜெகநாதன் காகிதத்தை எடுத்தார். பேர் எழுதினார். ஊர் எழுதினார். "தொழில் இன்னாங்க?" என்று எலியாஸை நிமிர்ந்து பார்த்தவர், "இவனை எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்களே" என்று இழுத்தார்.

"எல்லா மொட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். தொழில் திருட்டுன்னு எழுதுய்யா."

ஏட்டு எழுதினார். எலியாஸ் திறந்த வாயை மூடிக்கொண்டான். அவன் பதினாலு வருஷமாக சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பங்கா இழுக்கிறவன். வெளி வராந்தாவில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவான். சுவரில் உள்ள ஓட்டை வழியாகக் கயிறு உள்ளே போய், கூரையில் தொங்கும் துணி விசிறியை ஆட்டும். அதே ஓட்டை வழியாக வக்கீல்களின் வாதம் வெளியே வரும். கொலைகாரனைக்கூட நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடம் அது. பங்கா இழுக்கிறவனை யாரும் பார்த்ததில்லை. அந்தக் காற்றில் வேர்வை ஆற்றிக்கொண்டு நூறு தடவை சாட்சி சொன்ன வீரபத்திரனும் பார்த்ததில்லை.

சப் இன்ஸ்பெக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவியபடியே வாக்குமூலம் சொல்லிக்கொடுத்தார். எலியாஸின் வாக்குமூலத்தை எலியாஸ் சொல்ல வேண்டும் என்கிற சிரமத்தையெல்லாம் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

"நானாகிய எலியாஸ், இன்று பகல் பதினோரு மணிக்கு, பொய்கைப் படிக்கட்டில், கெட்ட எண்ணத்தோடு..."

பதினோரு மணி! எலியாஸுக்கு வயிற்றுக்குள் சிரிப்பு புரண்டது. ஆனால் அந்த நேரத்தில் தான் இருந்த இடத்தை அப்போதே சொல்லிவிட்டால் என்ன ஆகுமென்று அவனுக்குத் தெரியும். பதினோரு மணி பன்னிரண்டரை ஆகிவிடும். கோர்ட்டு சாப்பாட்டுக்குக் கலைகிற நேரமாகப் பார்த்துக் கடிகாரம் மறுபடி ஒருமுறை களவு போகும். அப்படி நகர்ந்த மணிகளை அவன் நிறையக் கேட்டிருக்கிறான்.

"போடு கையெழுத்து."

"மாட்டேங்க."

அறை விழுந்தது. காது ரீங்கரித்தது.

"போலீஸ்ல சொன்னதை எழுதினா அதுல கையெழுத்து வாங்கக்கூடாதுங்க. நூத்தி அறுபத்திரண்டாவது செக்‌ஷன். இங்க குத்தத்தை ஒத்துக்கினாலும் கோர்ட்டுல அது செல்லாதுங்க."

வீரபத்திரனின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. "யார்றா சொன்னது உனக்கு?"

"காத்து வாக்குல உழுந்துச்சுங்க."

இன்னொரு அறை. "திருவிழா முடியற வரைக்கும் உள்ளயே கெட. நாலு நாள்ல செக்‌ஷனெல்லாம் மறந்துடும்."

"இருவத்திநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டு முன்னாடி நிறுத்தணுங்க."

அந்த நேரத்தில் கஞ்சித் தூக்கோடு மார்கரெட் வந்தாள். கையெழுத்துப் போட்டால் எச்சரித்து விட்டுவிடுவதாக அவளிடம் வாசலிலேயே சொல்லி வைத்திருந்தார்கள்.

"போட்டுட்டு வாய்யா. பொண்ணு அழுதுகினு கெடக்குது. கேஸுன்னு ஆயிட்டா உன் கோர்ட்டு..."

எலியாஸ் இருமினான். டைபாய்டுக்குக்கூட அவன் அப்படி இருமியதில்லை. மார்கரெட் அவன் கண்ணைப் பார்த்தாள். தூக்கைக் கம்பியோரம் வைத்தாள்.

"உன் இஷ்டம். கஞ்சியையாவது குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல் தாண்டியதும்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் பயந்ததில் தப்பில்லை. ஒரு கையெழுத்தில் அவன் வேலையும் போகும், பேரும் போகும். போடாவிட்டால் எத்தனை அறை என்று கணக்கில்லை.

ஏட்டு சப் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார். "செக்‌ஷன் நம்பரு சொல்றானுங்க. பின்னால எவனோ பெரிய வக்கீல் இருக்கான். காலையிலயே கோர்ட்டுக்கு இட்டுகினு போயிடலாங்க."

கிருத்திகைக்கு ஊரே லீவு விட்டாலும் கோர்ட்டுக்கு லீவில்லை. ஜேப்படிக் கேஸ்கள் குவிகிற நாள் அது. மறுநாள் பத்தரை மணிக்கே உள்ளே புழுங்கியது. மாஜிஸ்திரேட் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே பார்த்தார். பங்கா அசையாமல் தொங்கியது.

"இழுக்கிறவன் எங்கே?"

டவாலி சேவகன் தொண்டையைக் கனைத்தான். "கூண்டுல நிக்கிறானுங்க."

மாஜிஸ்திரேட் கூண்டைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். "களவு நடந்தது எத்தனை மணிக்கு, சப் இன்ஸ்பெக்டர்?"

"பதினோரு மணிக்குங்க, சார். சந்தேகமே இல்லை."

"நேற்று பதினோரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

வீரபத்திரன் விறைத்து நின்றார். "இங்கதாங்க. சீட்டாட்டக் கேஸுல சாட்சி சொல்லிகினு இருந்தேன்."

"ஆமாம், பத்தேமுக்காலிலிருந்து பன்னிரண்டு வரை. நானே எழுதியிருக்கிறேன். அப்போது காற்று வந்ததா?"

"வந்துச்சு... சார்."

"தானாக வந்ததா?"

வீரபத்திரன் முதல் தடவையாகச் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். கோர்ட்டில் யாரோ சிரிப்பை அடக்கப் போய்த் தும்மிவிட்டார்கள்.

"தொழில் திருட்டு என்று போட்டிருக்கிறீர்கள். பதினாலு வருஷமாகச் சர்க்கார் சம்பளம் கொடுத்து என் தலைக்கு மேல் திருடனை வைத்திருப்பதாக ஜில்லா கலெக்டருக்கு எழுதட்டுமா?"

எலியாஸை விட்டுவிட்டார்கள். அவன் கன்னத்திலிருந்த விரல் தடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி வீரபத்திரனை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். வெளியே மலையடிவாரம் முழுக்க மொட்டைகள் வெயிலில் மின்னின, அத்தனையும் சந்தனம்.

எலியாஸ் வராந்தாவில் தன் இடத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தான். உள்ளே சப் இன்ஸ்பெக்டர் விளக்கத்தின் முதல் வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். நெய் உருகி மீசை தொங்கிவிட்டது. அவருக்கும் சேர்த்துத்தான் காற்று வந்தது. அதை நிறுத்த எந்த செக்‌ஷனும் எலியாஸுக்குத் தெரியவில்லை.