சிம்னியின் அரை அடி

இறந்து பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தீயணைப்பு அதிகாரியின் சோதனைக்காகச் சின்னவர் பீர் ஆலையின் கொதிகலன் அறையில் வந்து நின்றார். கடைசியாக அவருக்குப் போட்டு அனுப்பிய அதே பழுப்பு ஸ்வெட்டர். அதன் பையில் அளவு நாடா. அதிகாரி அடையாள அட்டையில் இருந்த படத்தையும் முகத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆள் கொஞ்சம் வெளுத்திருக்கிறார், வெயிலில் நின்றால் நல்லது என்று சொல்லிவிட்டு, பங்குதாரர்கள் இருவரும் ஆஜர் என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

இதற்குக் காரணம் எங்கள் குடும்ப வழக்கம். ஊரில் வேறு காரணம் சொல்வார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆலை தொடங்க மனுக் கொடுத்தபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். நிலம், தண்ணீர், கழிவுநீர், சுகாதாரம், தீயணைப்பு, எடையளவை, கலால் என்று மொத்தம் பதினொரு அனுமதிகள். பதினொன்றும் கைக்கு வராமல் ஒரு பிடி பார்லியைக்கூட நனைக்கக் கூடாது. சின்னவர் இறந்ததும், அவர் பெயரை அடித்துவிட்டு முதலிலிருந்து மனுச் செய்யும்படி அலுவலக எழுத்தர் சொன்னார். பெரியவர் உட்காராமல், முதுகை வளைக்காமல், நின்றபடியே பதில் சொன்னார்.

"எங்க வீட்டுல போட்ட கையெழுத்த அடிச்சது கிடையாது. என் தம்பி வருவான்."

கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் அண்ணன் சொல்லைப் பொய்யாக்கிப் பழக்கமில்லாதவர் சின்னவர். வந்தார்.

அவர் இறந்ததும் அப்படித்தான். சிம்னி அரை அடி குறைகிறது என்று ஓர் அதிகாரி குறிப்பு எழுதியிருந்தார். தாங்கள் அளந்து கட்டியது குறையாது என்பது பெரியவரின் எண்ணம். கொத்தனார் மறுநாள் சாரத்தோடு வருவதாக இருந்தும், "நாளைக்கு எதுக்குடா? இப்பவே ஏறி அளந்து அந்தாளு மூஞ்சிக்கு நேரா காட்டு" என்றார். சின்னவர் நாடாவை எடுத்துக்கொண்டு ஏறினார். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது, கால் வழுக்கியது. அளவு எவ்வளவு என்பதை யாரிடமும் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. குறிப்பெழுதிய அதிகாரி மாற்றலாகிப் போக, அந்தத் தாள் கோப்புக்குள் அமுங்கிவிட்டது. சிம்னி சரியான உயரம்தான் என்று பெரியவர் கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

சோதனைக்கு வரும் சின்னவர் தானாகப் பேசமாட்டார். அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில். அறிக்கையில் கையெழுத்திட்டு அதிகாரி பேனாவை மூடியதும் அவர் நின்ற இடம் காலியாக இருக்கும். தரையில் இரண்டு ஈரக் காலடிகள் மட்டும் கிடக்கும். அவற்றை அவர் மனைவி யாரையும் துடைக்க விடமாட்டார். அதிகாரிகளுக்கு டீயை ஆற்றாமல், கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். வாய் வைக்கவே கால் மணி நேரம் ஆகும். டீயைக் குடித்து முடிக்காமல் எந்த அதிகாரியும் பேனாவைத் தொடுவதில்லை.

இரண்டாம் வருடம் ஆலைக்கு எதிராக மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சோதனை. அதிலுள்ள கேள்விகளை வரி விடாமல் பங்குதாரர்களிடம் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. சுகாதார அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் கடிதத்தைப் படித்தார். குளிர் அறையில் வேலை பார்க்கவிருக்கும் இரண்டாம் பங்குதாரருக்குக் குளிர் தாங்குமா?

"தாங்குது சார். ஸ்வெட்டர் இருக்கு" என்றார் சின்னவர்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று அடுத்த கடிதம் கேட்டது. பசிப்பதில்லை என்றார். ஆலை பள்ளிக்கூடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருக்கிறதா, அந்தப் பள்ளியில் அவர் மகள் வகுப்பில் இரண்டாவதாக வந்தது அவருக்குத் தெரியுமா என்று இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். டீத் தட்டோடு கதவருகே நின்ற அவர் மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

அது யாருடைய கையெழுத்து என்பது பெரியவருக்கு இரண்டாம் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. பார்லி மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிய அதே கை. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்பதால் அவர் ஊரிடம் சொல்லவில்லை; எழுதியவரிடமும் சொல்லவில்லை. பார்லி மூன்று முறை வண்டு விழுந்து மாற்றப்பட்டது. செப்புக் கொப்பரை ஒரு தடவைகூடச் சூடாகாமலே கருத்தது.

ஏழாம் வருடம் புதுச் சுற்றறிக்கை வந்தது. மொட்டைக் கடிதங்கள் இனிச் செல்லாது. பெயரும் கையெழுத்தும் உள்ள ஆட்சேபணை மட்டுமே ஏற்கப்படும். பதினோராவது அனுமதியும் தயார். வெள்ளிக்கிழமைக்குள் ஆட்சேபணை எதுவும் வராவிட்டால் திங்களன்று லைசென்ஸ். அதன்பின் சோதனை இல்லை. புதுப்பிக்க ஒரு பங்குதாரர் போதும்.

வியாழன் மாலை தம்பி மனைவி ஒரு தாளோடு பெரியவரின் அறைக்கு வந்தார்.

"என் பேரப் போட்டே குடுக்கப்போறேன் மாமா. உங்ககிட்ட சொல்லாம செஞ்சா முறையா இருக்காது."

பெரியவர் ஜன்னல் வழியே சிம்னியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டின்மேல் வீட்டு மருமகள் மனுக் கொடுத்தாள் என்று ஊர் பேச விடுவதா என்று யோசித்தார் என்பார்கள். அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

"நீ போடாதம்மா," என்றார். "வீட்டு மேல கை வைக்கறதுன்னா மூத்தவன் கைதான் வைக்கணும்."

தாளை வாங்கிக்கொண்டு தாமே எழுதினார். தம் ஆலைக்கு எதிராகத் தம் பெயரையே போட்டார். வாழ்நாளில் ஆசைப்பட்ட ஒரே காரியத்துக்கு எதிராக அவர் போட்ட கையெழுத்து அது. அதையும் அவர் பின்னர் அடிக்கவில்லை.

செவ்வாயன்று வந்த அதிகாரி இளைஞர். கொதிகலன் அறையில் நின்று படித்தார். சிம்னியின் உயரம் குறித்து இரண்டாம் பங்குதாரர் எடுத்த அளவு என்ன? மழை வரும் நேரத்தில் அவரை ஏறச் சொன்னது யார்?

சின்னவர் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொன்னார். "யாரும் சொல்லலை சார். நானாத்தான் ஏறினேன்." பிறகு நாடாவை வெளியே எடுத்து, கட்டைவிரல் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தார். "அரை அடி குறைவுதான். அன்னைக்கே அளந்துட்டேன்."

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஏழு வருடத்தில் முதல்முறையாகக் கேட்காததையும் சொன்னார். அண்ணன் மூன்றடி தள்ளி நிற்பதை அறியாதவர்போல, அதிகாரியின் காதருகே குனிந்து. "அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க சார். தாங்க மாட்டாரு."

பெரியவரின் முதுகு அன்றைக்கு வளைந்தது. பிறகு நிமிரவில்லை.

அரை அடிக்கு வேண்டிய செங்கல் ஆலையின் பின்புறம் அடுக்கிக் கிடக்கிறது. கொத்தனார் கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார் பெரியவர். குறை தீராதவரை லைசென்ஸ் கிடையாது. சோதனை உண்டு, வருடத்துக்கு நான்கு முறை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் கொதிகலன் அறையில் நான்கு நாற்காலிகள் போடப்படுகின்றன. டீ கொதிக்கக் கொதிக்க வருகிறது. பேனாவை மூட யாரும் அவசரப்படுவதில்லை.