மேற்படி நுரை

அலுவலகத்தில் மேலாளருக்கு 'சுற்றறிக்கை' என்று பட்டப்பெயர். மின்விசிறியை நிறுத்தாமல் போனால் ஒரு சுற்றறிக்கை, கோப்பின் நாடாவைத் தளர்வாகக் கட்டினால் இன்னொன்று. எட்டு வருடமாக உடம்பில் இருந்த சர்க்கரையையும் அவர் அதிகாரத்தால்தான் ஆண்டுவந்தார். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பத்தியம். ரிப்போர்ட் வந்ததும், சுகர் தன் பேச்சைக் கேட்கிறது என்று ஊழியர்களிடம் நீட்டிக் காட்டுவார். சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு, இரண்டு வருடமாக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அவருக்கென்று தனிக் கழிப்பறை. சாவி அவரிடம் ஒன்று, துப்புரவு செய்யும் அம்மாவிடம் ஒன்று. ஒரு மாதமாகக் கோப்பையில் நுரை. ஃப்ளஷ் செய்தாலும் முழுதாகப் போவதில்லை. பிறந்தது சுற்றறிக்கை: 'மேற்படி நுரை, சோப்புத்தூளை அளவுமீறிக் கொட்டுவதால் உண்டாவது. மீண்டும் காணப்பட்டால் பணியாளர் நீக்கப்படுவார்.'

அந்த அம்மா தூளை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். நுரை குறைந்தபாடில்லை. நான்காம் நாள் அவளைக் கூப்பிட்டார். பணிநீக்க உத்தரவோடு தலைமை எழுத்தர் பக்கத்தில் தயாராக நின்றார். எழுத்தர் வெளியே போனால்தான் பேசுவேன் என்றாள் அவள். திமிர்தான் என்று நினைத்துக்கொண்டே மேலாளர் அவரை அனுப்பினார்.

"மூணு நாளா தூளைத் தொடவே இல்லீங்க ஐயா. காலையில கழுவிப் பூட்டும்போது பளிச்சுன்னு இருக்கு. நீங்க போய்ட்டு வந்தப்புறம்தான் நுரை."

"என்ன சொல்ற நீ?"

"எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதாங்க. இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஊர்க் கக்கூஸெல்லாம் கழுவுற எனக்கு, வீட்டுல இருந்த நுரை தெரியாமப் போச்சு. கால் வீங்கினப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிட்னி போய், இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல படுக்குறாரு." குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்: "வேலையை விட்டு எடுக்குறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா போய்ப் பாத்துருங்க."

மேலாளர் மேஜைக் கண்ணாடியைத் தூக்கினார். சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பரிசோதனையில் சிறுநீரில் புரதம் கசிந்தது. மறுபடி பார்த்தபோதும் கசிந்தது. ஆரம்பநிலைதான், சிறுநீரகம் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது என்றார் டாக்டர். பிரஷருக்கு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், பத்தியம் வருடம் முழுக்க. பலருக்கு இந்தக் கட்டத்தில் நுரைகூடத் தெரியாதே, யார் கவனித்தது என்று கேட்டார்.

"எங்க ஆபீஸ்ல ஒரு நிபுணர் இருக்காங்க."

சுற்றறிக்கையை ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும் என்பது அவரே போட்ட விதி. ஒரு பகல் முழுக்கத் தவித்துவிட்டு எழுதினார்: 'மேற்படி நுரைக்குக் காரணம் சோப்புத்தூள் அல்ல, மேலாளர். உரிய சிகிச்சை நடைபெறுகிறது.' அவருடைய சுற்றறிக்கைகளில் எல்லோரும் கடைசி வரி வரை படித்தது அது ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் ரிப்போர்ட். மற்றபடி தினமும் மாலை, அந்த அம்மா வாளியோடு வெளியே வரும்வரை மேலாளர் கதவருகே காத்து நிற்கிறார்.

"இன்னைக்கு எப்படிம்மா?"

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலைங்க. மத்தியானம் ஊறுகாய் தொட்டீங்களா?"

மேலாளர் தன் நாற்காலியைப் பார்த்து வேகமாக நடக்கிறார்.