தொப்புளுக்கும் தொடைக்கும் நடுவே

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை எனக்கும் என் கணவரின் அக்கா அல்போன்சாவுக்கும். நான் அவரை அண்ணி என்பேன். அல்சூரில், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற தெருவில், ஒரே வீட்டில் இருக்கிறோம். 2003 ஜனவரியில் அண்ணிக்குப் புற்றுநோய் என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை போன அண்ணி அதே ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டார். உள்ளே கை வைத்துப் பார்ப்பார்கள், அந்தப் பயம். பார்க்காமல் விட்டால் நோய் திரும்பி வந்தாலும் தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சாவறதுக்கு அவ்ளோ ஆசையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஆமாண்டி, உன் சமையலத் தின்னுக்கிட்டு எவ்ளோ நாள் உசுரோட இருக்கறது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். அந்த வாரம்தான் ஒரு வகுப்பு பற்றித் தெரியவந்தது. இந்த அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்காக, சர்ச் ஹாலில், புதன்கிழமை மதியம். மனத்தை மூச்சில் வைக்கப் பழக்குவார்களாம். துணைக்கு ஒருவர் வரலாம். அண்ணியோடு நான் போனேன்.

2

தொடக்கங்கள் இரண்டு எழுதி அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

'ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அல்போன்சாவின் கண்களில் நீர் —'

"நான் எங்கடி அழுதேன்? வேற காட்டு."

(அண்ணி கமர்ஷியல் தெருவில் புடவைக் கடையில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க 'வேற காட்டுங்க' என்று கேட்பதையெல்லாம் வட்டியும் முதலுமாக என்னிடம் தீர்த்துக்கொள்கிறார்.)

'பெண் என்பவள் வெறும் கர்ப்பப்பையா? காலங்காலமாக இந்தச் சமூகம் —'

"இது இன்னா, மீட்டிங்குல பேசறதா? சும்னே சொல்லு, என்ன நடந்ததோ அத."

சரி. நடந்தது இதுதான்.

3

"கண்ண மூடிக்கோங்க. மூச்சு வருது, போகுது. அத மட்டும் கவனிங்க," என்றாள் ஷோபா. வகுப்பு நடத்துகிற பெண், இன்னும் கல்யாணமாகாதவள்.

கண்ணை மூடினால் எங்களுக்கு ஜெபம்தான் வரும். அதுவும் சர்ச் ஹாலில்! அண்ணியின் கட்டைவிரல் மற்ற விரல்களில் ஜெபமாலை உருட்ட ஆரம்பித்தது. எதிரே ஓர் அம்மா 'ஓம் சக்தி' முணுமுணுத்தார். நான் ஒரு கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவளுக்கு வேறென்ன பிழைப்பு?

"ப்ரேயர் வீட்டுல பண்ணிக்கலாம்மா," என்று ஷோபா சிரித்தாள். "இங்க எதையும் கேக்க வேணாம். இருக்கறத பாத்தா போதும்."

பிறகு கவனத்தை உடம்பில் ஒவ்வோர் இடமாக இறக்கிக்கொண்டே வந்தாள். உச்சந்தலை. நெற்றி. கழுத்து. மார்பு. தொப்புள்.

"இப்ப தொடைக்கு வாங்க."

அண்ணி கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா, நடுவுல வுட்டுட்டியே?"

மற்ற யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்லக்கா... எல்லாரும் பெரியவங்க. சங்கடமா இருக்கும்னு..."

"வீட்டுல எவனும் அதப் பத்திப் பேசமாட்றான். நானே சுவத்தப் பாத்துக்கிட்டுதான் குளிக்கறேன். நீயும் தாண்டிப் போனா எப்படி? கத்தி வச்ச எடம் அதானே?"

(ஷோபாவை நான் நம்பவில்லை. அவள் முகம் சுருங்கி எழுந்து போவதாக இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவள் போகவில்லை. பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.)

"கரெக்ட்தான்க்கா, என் தப்பு," என்றாள். "திரும்பத் தொப்புளுக்கு வாங்க. இப்ப அடிவயிறு. தையல் போட்ட எடம். இன்னும் கீழ. ஓடிப் போகணும்னு தோணும். மூச்சோட அங்கயே இருங்க. முடியலன்னா பாதத்துக்கு வந்துடுங்க, பர்வாகில்ல."

அந்த நேரத்தில் அண்ணிக்குள் பேரமைதி பரவி — என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"அமைதியாவது மண்ணாங்கட்டியாவது! எரிஞ்சுது. கோவம் கோவமா வந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்லன்னு பயமா இருந்துச்சு. எரிஞ்சாலும் உக்காந்திருந்தேன். அத எழுது."

எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணி ஒரு புதன்கிழமையைக்கூட விடவில்லை. காலையில் கட்டிலில் படுத்தபடியும் செய்தார். நடுவில் யாராவது பேசினால் தலையணை பறந்து வரும்.

4

ஜூலையில் மறுபடி தேதி கொடுத்தார்கள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அண்ணி இறங்கவில்லை.

"இருப்பா," என்றார் ஆட்டோக்காரரிடம். கண்ணை மூடினார். மூச்சு வந்து போவது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. பிறகு இறங்கினார்.

"பிரிஜெட், நீ வெளியவே இரு. உள்ள வந்தா எனக்கும் சேத்து நீ பயப்படுவ."

வெளியே வந்ததும், "வலிச்சுதா?" என்றேன்.

"வலிச்சுது. கை வச்சுப் பாத்தாங்க. நான் எங்கயும் ஓடல, அங்கயேதான் இருந்தேன்."

பெருமையில் அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். அண்ணி காபி கேட்டார்.

5

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

அ. ரிசல்ட் நன்றாக வருகிறது. வீட்டில் பிரியாணி.

ஆ. ரிசல்ட் சரியில்லை. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி —

உண்மையான ரிசல்ட் வந்துவிட்டது. எனக்குத் தெரியும். ஆனால் அண்ணி இரண்டு தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்லதுன்னு எழுதுவ. ஓஹோ, மூச்ச கவனிச்சதுல கேன்சர் போயிடுச்சுன்னு எவளாவது டாக்டர்கிட்டப் போகாம வீட்டுல கண்ண மூடி உக்காந்துடுவா. கெட்டதுன்னு எழுதினா, இதத் தெரிஞ்சுக்கவா போகணும்னு எவளும் போகமாட்டா. ரெண்டும் வேணாம்."

"முடிவு இல்லாம எப்படி அண்ணி? படிக்கறவங்க திட்டுவாங்க."

"திட்டட்டும். நான் உள்ள போனேன்ல? அதோட நிறுத்து."

நிறுத்துகிறேன். வாசகரே, மீதி உங்களிடம். உங்கள் வீட்டிலும் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு ஒருத்தி இருப்பாள். அது நீங்களாகவும் இருக்கலாம். அவளோடு ஆட்டோவில் ஏறிப் போங்கள். அவள் இறங்கி உள்ளே போனால், இந்தக் கதை முடிந்தது. போகாமல் திரும்பி வந்தால் எங்கள் அண்ணியிடம் அனுப்புங்கள். புதன்கிழமை மதியம் சர்ச் ஹாலில் இருப்பார். கொஞ்சம் திட்டுவார், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.