வீட்டுக்காரம்மா வெளியே போயிருக்காங்க

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது அவள் அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உடம்பில் கணவனுடைய கிழிந்த சட்டை, தலையில் துண்டு, கையில் கரித்துணி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள் என்பதால் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடையில் சனிக்கிழமை மட்டும் பிற்பகலில்தான் வேலை தொடங்கும். அதனால் வாரம் முழுக்கச் சேர்ந்த அழுக்கெல்லாம் அந்தக் காலைப் பொழுதில்தான் அவளிடம் மாட்டிக்கொள்ளும்.

கதவைத் திறந்தாள். இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி அறுபது வயதுக்காரி, நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், மூக்கில் தடித்த கண்ணாடி, தோளில் கனமான பை. மற்றவள் இருபதைத் தாண்டாதவள், ஒரு கட்டுக் காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. போன வருடம் வேறு இரண்டு பேர் இப்படிக் கடவுளைப் பற்றிப் பேச வந்தபோது கணவன் கதவைத் திறந்து, முக்கால் மணி நேரம் வாசலிலேயே நின்று தலையாட்டினான். பஸ் ஓட்டுகிறவன். எந்த இடத்திலும் பஸ்ஸை நிறுத்தத் தெரிந்த அவனுக்கு அவர்கள் பேச்சை நிறுத்தத் தெரியவில்லை.

கண்ணாடிக்காரிக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது. தினமும் குளித்ததும், அம்மா கும்பிட்ட சாமிக்கு ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். அதற்கு மேல் அவளுக்கும் சாமிக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அது போதும் என்று இருந்தாள். ஆனால் இதையெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் வாசலில் நின்று விளக்க வேண்டுமே.

"வீட்டுக்காரம்மா இருக்காங்களாம்மா?" என்று உயரமான அம்மாள் கேட்டாள்.

கிழிந்த சட்டையையும் கரித்துணியையும் பார்த்துக் கேட்ட கேள்வி அது. பதில் தானாக வாயில் வந்து விழுந்தது.

"வெளிய போயிருக்காங்க. நான் இங்க வேலை செய்யறவ."

போய்விடுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் போகவில்லை. உயரமான அம்மாளின் முகம் கனிந்துவிட்டது. அப்படியானால் உன்னிடமே பேசுகிறோமே, எங்களுக்கு எல்லோரும் ஒன்றுதான் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். எத்தனை வீட்டில் வேலை, உட்கார நேரம் கிடைக்கிறதா என்று கேட்டாள். பேச்சோடு பேச்சாகக் கடவுளும் வந்தார். ஆனால் அரைவாசி நேரம் அவள் கண் கண்ணாடிக்காரியின் விரல்களிலேயே இருந்தது. லென்ஸ் ஓரத்தை ஈரக் கல்லில் உரசி உரசி அந்த விரல்கள் சொரசொரவென்று காய்த்துப் போயிருந்தன.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள். உயரமான அம்மாள் பைக்குள் கையை விட்டு ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினாள். சோப்புத் தண்ணீர் கையைத் தின்றுவிடும், இதைப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய் என்றாள்.

கண்ணாடிக்காரி கையுறையை வாங்கிக்கொண்டாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததோடு, உன் வீட்டுக்காரம்மா எப்படி, நல்ல மாதிரியா என்று அவர்கள் கேட்டபோது, ஏதாவது சொல்லவேண்டுமே என்று, கொஞ்சம் கோபக்காரி என்று சொல்லி வைத்தாள். லீவு தருவாளா என்றார்கள். தரமாட்டாள் என்றாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று பத்து நிமிடத்தில் அந்த இல்லாத வீட்டுக்காரம்மா ஒரு பெரிய ராட்சசியாக வளர்ந்துவிட்டாள். உள் அறையில் படுத்திருந்த கணவன் தலையணையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான்.

மூன்றாவது வாரம்தான் நாத்தனார் உள்ளே புகுந்தாள். கணவனுடைய தங்கை, அவர்களோடுதான் இருந்தாள். மழலையர் பள்ளியில் ஆசிரியை. நாற்பது வாண்டுகளை அடக்கி அடக்கி, ரயிலையே நிறுத்தும் குரல் வந்திருந்தது அவளுக்கு. நடந்ததெல்லாம் தெரிந்து, அன்று மணி அடித்ததும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

நீங்கள்தான் வீட்டுக்காரம்மாவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள், கூசாமல்.

உயரமான அம்மாள் அன்று கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, மெதுவான குரலில் ஆரம்பித்தாள். உங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண் தங்கமான பெண். அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். இப்படியே போயிற்று. நாத்தனாருக்குப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில்கூட இவ்வளவு நல்ல வேஷம் கிடைத்ததில்லை. கால் மேல் கால் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏய், அங்க என்ன பண்ற? மூணு டீ கொண்டா. சர்க்கரைய அள்ளிக் கொட்டிடாத."

கண்ணாடிக்காரி தன் சொந்த வீட்டில், தன் சொந்தத் தட்டில் டீ எடுத்துக்கொண்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனாருக்கு நீட்டினாள். நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இளம்பெண்ணின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அவர்கள் போன பிறகு அண்ணியும் நாத்தனாரும் சோபாவில் விழுந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்ததும், அந்தச் சின்னப் பெண் அழுதாளே அண்ணி என்று நாத்தனாரே சொன்னாள். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் என்னவோ போல் ஆகிவிட்டது.

நான்காவது வாரம் உயரமான அம்மாள் கதவு திறந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எங்கள் சபையில் ஒரு குடும்பம் இருக்கிறது, வயதான இரண்டு பேர், வீட்டோடு தங்கி வேலை செய்ய ஆள் தேடுகிறார்கள், தனி அறை, ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறை, உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்றாள். அந்த வீடு ஊரின் மறுகோடியில். இதற்காக அவள் இரண்டு பஸ் மாறி மூன்று தடவை போய் வந்திருக்கிறாள். சபையில் வந்து சேருவதானால் சேரட்டும், சேராவிட்டாலும் வேலை அவளுக்குத்தான் என்று அவர்களிடம் உறுதி வாங்கியிருக்கிறாள். சபையைப் பற்றி எந்த நிபந்தனையும் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று முனகிவிட்டு கண்ணாடிக்காரி கதவைச் சாத்தினாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் வந்ததும் காலில் விழாத குறையாக உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை பிற்பகல், கடையின் பின்பக்கப் பட்டறையில் அவள் ஒரு பிரேமுக்குத் திருகு மாற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பழக்கமான அந்தக் கனத்த பை தெரிந்தது. உயரமான அம்மாள் முதலாளியிடம் கைக்குட்டையில் பொதிந்த எதையோ கொடுத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் மடியிலிருந்து நழுவிய கண்ணாடியின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்களாம். அது இல்லாமல் எதிரே நிற்பது ஆளா தூணா என்றுகூடத் தெரியாதாம்.

முதலாளி உடைந்த லென்ஸில் பவரைப் பார்த்து, கண்ணின் அளவைக் குறித்து, சீட்டைப் பட்டறைக்குள் நீட்டினார். ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்றார்.

கண்ணாடிக்காரி லென்ஸை வெட்டினாள். ஓரத்தை உரசினாள். கை பழக்கத்தில் வேலை செய்ய, மனசு வேறு கணக்குப் போட்டது. முகத்தில் மாட்டிப் பார்த்து, காதுக் கம்பியை வளைத்துச் சரிசெய்வது எப்போதும் அவள் வேலை. தலைவலி என்று சொன்னால் முதலாளியே மாட்டிவிடுவார். அந்த அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. போகலாம் என்று எழுந்துகூட விட்டாள். எழுந்தவள், இரண்டு பஸ் மாறி மூன்று தடவை என்பது நினைவுக்கு வந்ததும், வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் போனாள். ஒன்றும் பேசாமல் எதிரில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடியை இரண்டு கையாலும் அந்த அம்மாளின் மூக்கில் வைத்தாள்.

"தெரியுதாம்மா?"

உயரமான அம்மாள் இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தாள். ஒரு முழம் தூரத்தில் இருந்த முகத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"அடிப்பாவி, இங்கயும் வேலை பாக்கறியா? ரெண்டு வேலையா? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா விடுவாளா?"

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இனி சுற்றி வளைக்க வழியில்லை.

"அந்தம்மா நான்தாம்மா. அது என் வீடு. அன்னைக்கு உங்ககிட்ட வேணாம்னு சொல்ல வாய் வராம, வேலைக்காரின்னு சொல்லிட்டேன். டீ கேட்டது என் நாத்தனார். நல்லவதான்."

முதலாளி கல்லாவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உயரமான அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாலு வாரமா தினம் உங்களுக்காக வேண்டிக்கிட்டேங்க," என்றாள்.

அந்த 'உங்களுக்காக' கண்ணாடிக்காரியை நன்றாகவே குத்தியது. சற்று முன்பு வரை வாய் நிறைய நீ, வா, போ என்றவள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதேதோ சொன்னாள். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை, எனக்கு என் சாமி போதும், அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றாள். உயரமான அம்மாள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க போயிருப்போமே."

"நிஜமா போயிருப்பீங்களாம்மா?"

உயரமான அம்மாள் யோசித்தாள். பொய் சொல்லிப் பழகாத வாய்.

"அடுத்த வாரம் வந்திருப்போம்," என்றாள்.

முதலில் சிரித்தது முதலாளிதான். பிறகு கண்ணாடிக்காரி. உயரமான அம்மாள் வீம்பாக உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்க அவள் சிரித்ததில் கையிலிருந்த கண்ணாடி நழுவப் பார்த்தது. கண்ணாடிக்காரி பாய்ந்து பிடித்து மறுபடி மாட்டிவிட்டு, இடது பக்கக் கம்பியைக் கொஞ்சம் வளைத்தாள்.

"அந்த வீட்ல ஞாயித்துக்கிழமை ஆள் வரும்னு காத்திருப்பாங்களே. அவங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது, சொல்லு பாப்போம்," என்றாள் உயரமான அம்மாள்.

'சொல்லு' என்று காதில் விழுந்ததும்தான் கண்ணாடிக்காரிக்கு மூச்சு வந்தது. அவளிடம் அதற்கு ஆள் இருந்தது. கடைக் கட்டடத்தின் மாடிப்படியைக் கூட்டுகிற அக்கா, மகன் வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகாமல், தங்க ஓர் அறை கிடைத்தால் போதும் என்று மாசக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதே கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். மாடிப்படி அக்கா ஞாயிற்றுக்கிழமையே பெட்டியோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மனிதர்கள் தங்கம், ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கே பாட்டு ஆரம்பித்துவிடுகிறார்கள், இப்போது எனக்கும் இரண்டு பாட்டு பாடமாகிவிட்டது என்றாள். சபையில் சேர்ந்துவிட்டாயா என்றார் முதலாளி. அட போங்க, ராகம் நல்லா இருக்கு என்றாள்.

சனிக்கிழமை வருகை நிற்கவில்லை. வாரா வாரம் என்றிருந்தது மாதம் ஒரு தடவை ஆயிற்று. முதல் தடவை நாத்தனார் வெட்கப்பட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். இளம்பெண் கதவைத் தட்டி, வெளியே வாங்கக்கா, உங்களால் நான் அழுததைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். இத்தனை நாளில் அவள் இப்படிப் பேசி அன்றுதான் கேட்டார்கள். நாத்தனார் வெளியே வந்து, அன்று முழுக்க அவர்களோடு வாதாடினாள். சொர்க்கத்தில் நாய்க்கு இடம் உண்டா இல்லையா என்பதில் ஆரம்பித்து, இரண்டு தரப்பும் தொண்டை கட்டும் வரை பேசி, ஒன்றும் முடிவாகாமல் பிஸ்கட் சாப்பிட்டார்கள். டீ போட்டது பஸ் ஓட்டுகிற கணவன்.

புறப்படும்போது இளம்பெண் ஒரு காகிதத்தைக் கண்ணாடிக்காரியிடம் கொடுத்தாள். அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கிட்டே பிடித்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள். இது எறும்பு படிக்கவா என்று கேட்டாள். நாற்பது வயசுக்கு மேல் யாராலும் இந்த எழுத்தைப் படிக்க முடியாது, அச்சடிக்கிறவரிடம் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், கடைக்கு வருகிறவர்களின் கண்ணைத் தினமும் பார்க்கிறவள் சொல்கிறேன் என்றாள். உயரமான அம்மாள் தன் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அதைத் தனியாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த மாதம் வந்தபோது முதல் வேலையாகப் புதுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். எழுத்து இரண்டு பங்கு பெரிதாகியிருந்தது. இடம் பற்றாமல், சொல்ல வேண்டியதைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரி நிலைப்படியில் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா தெளிவா இருக்கும்மா," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா எனக்கு வேணாம்."

"சரிம்மா," என்றாள் உயரமான அம்மாள், செருப்பைக் கழற்றியபடி.